ஆரி போடத் தெரியும். ஆர்டர் எடுப்பது எப்படி?

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) ஸ்டாண்ட் போட்டு நான்கு வருடம் ஆகிறது. முதலில் எனக்கு ஒரு பிளவுஸ் போட்டேன். அப்புறம் நாத்தனார் கல்யாணத்துக்கு ஒன்று. அதைப் பார்த்துவிட்டு அடுத்த தெரு அக்கா ஒருவர் பட்டுத் துணியோடு வாசலில் வந்து நின்றார். அன்று எனக்கு செயின் ஸ்டிச் தெரியும், உள்ளே நிரப்பிப் போடும் லோட் ஸ்டிச் தெரியும், சர்தோசி என்கிற கம்பிச்சுருளை வைக்கவும் தெரியும். எவ்வளவு கேட்பது, என்றைக்குத் தருவதாகச் சொல்வது, துணிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பதெல்லாம் தெரியாது. இந்தப் பதிவு அதற்குத்தான். தையல் வகைகளை இங்கே சொல்லவில்லை. ஊசி உங்கள் கைக்குப் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் உங்கள் கையின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

ஆர்டர் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு காடாத் துணியை ஸ்டாண்டில் கட்டி, ஒரு சாண் நீளத்துக்கு செயின், ஒரு சாணுக்கு ஒற்றைப் பாசி வரிசை, நெல்லிக்காய் அளவில் ஒரு பூவுக்கு லோட் ஸ்டிச் என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு சாண் செயின் நான்கு நிமிடம், பாசி பத்து நிமிடம். இந்தக் கணக்கு எழுதிய தாள் இன்னும் என் ஸ்டாண்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. டிசைனை இஞ்ச் டேப்பால் அளந்தால் எத்தனை மணி நேர வேலை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

2. சாமான்

வட்டச் சட்டம் பழகுவதற்குச் சரி. ஆர்டருக்கு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுகிற மர ஸ்டாண்ட்தான் வேண்டும். வட்டத்தில் துணியை இடம் மாற்றி மாற்றி வைக்கும்போது, ஏற்கெனவே போட்ட பாசி சட்டத்தின் அடியில் நசுங்கும். பட்டில் தடமும் விழும்.

பாசியில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மேலே சாயம் பூசிய மலிவுப் பாசி வியர்வை பட்டால் வெளுக்கும். புதுப் பாசி வாங்கினால் நான்கைந்தை எடுத்து ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். துணியில் நிறம் ஒட்டினால் அந்தப் பாக்கெட்டைத் தொடமாட்டேன். சர்தோசி என்பது முலாம் பூசிய உலோகக் கம்பிச்சுருள். வியர்வையும் சென்ட்டும் பட்டால் கறுத்துப்போகும். அக்குள் பக்கம் அதை வைக்கவே வேண்டாம். சில்லறையாக பெரிய கடைவீதியில் வாங்குகிறேன். ஒரே நிறம் நிறைய தேவைப்பட்டால் சென்னை போகும்போது சவுகார்பேட்டையில் மொத்தமாக வாங்கிவிடுவேன்.

3. துணியை வாங்கும்போது

பட்டுப் புடவையோடு வருகிற பிளவுஸ் துணிக்கு மாற்றுத் துணி கிடையாது. அதனால் வெளிச்சத்தில் விரித்து, கறை, இழை அறுந்த இடம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் எதிரிலேயே பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கை ஓரத்தில் கரை வர வேண்டுமா என்று கேட்டு எழுதிவையுங்கள். டெய்லர் யார், அவருடைய போன் எண் என்ன என்பதையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

4. மார்க்கிங்: நான் தடுக்கி விழுந்த இடம்

ஆரியில் முதலில் வேலைப்பாடு, அப்புறம்தான் வெட்டுவதும் தைப்பதும். முழுத் துணியிலேயே முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று வரைந்துகொண்டு போடுகிறோம். என் மூன்றாவது ஆர்டருக்கு, வாடிக்கையாளர் கொடுத்த அளவு பிளவுஸைத் துணி மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன். தைத்து முடித்த பிளவுஸின் ஓரம் வேறு, டெய்லர் வெட்டுகிற கோடு வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. கழுத்து ஓரத்தை ஒட்டி இரண்டு வரிசைப் பாசி போட்டு அனுப்பினேன். டெய்லருடைய தையல் சரியாகப் பாசி மேல் வந்து விழுந்தது. ஊசி உடைந்தது, பாசியும் நொறுங்கியது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டு வரிசையையும் பிரித்து, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து உள்தள்ளிப் போட்டேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. அந்தப் பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை.

இப்போது செய்வது இப்படி:

துணி முதலில் டெய்லரிடம் போகும். வெட்டும் கோடு, தையல் கோடு, டார்ட் (உடம்பின் வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்பு) மூன்றையும் அவரே வரைந்து தருவார். வெட்டமாட்டார். நான் கழுத்தில் தையல் கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித்தான் முதல் வரிசையைத் தொடங்குவேன். பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய பட்டை) வைப்பதாக இருந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொள்வேன். தோள் இணைப்பிலும் கை இணைப்பிலும் பாசி, கல் எதுவும் தையலுக்குள் போகக்கூடாது. டிசைன் தொடர்ச்சியாக வர வேண்டுமென்றால் இணைப்பை ஒட்டி ஒரு அங்குலத்தை விட்டுவைத்து, தைத்து வந்த பிறகு சாதாரணக் கை ஊசியால் நிரப்புங்கள். ஜிப் வைக்கும் ஒற்றைப் பக்க ஃபுட் (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) வைத்திருக்கும் டெய்லர் அமைந்தால் விடாதீர்கள். அதனால் பாசிக்குப் பக்கத்திலேயே ஒட்டித் தைக்க முடியும்.

டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்தி, தாளைத் துணி மேல் வைத்து, வெள்ளை ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் துணியில் இறங்கிவிடும். அடுப்பு பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

5. விலை

முதல் ஆர்டருக்கு 900 ரூபாய் வாங்கினேன், மற்றவர்கள் அவ்வளவுதான் வாங்குகிறார்கள் என்று. பிறகு கணக்குப் போட்டேன்: சாமான் 380, பதினைந்து மணி நேர வேலை மணிக்கு 70 வீதம் 1050, கடைக்குப் போய்வந்தது, டெய்லரிடம் அலைந்தது 150. மொத்தம் 1580. சாமான் போக எனக்கு நின்றது மணிக்கு 35 ரூபாய்கூட இல்லை. முதுகு வலி வேறு.

தெரிந்தவர் என்று குறைப்பதாக இருந்தால் டிசைனைக் குறையுங்கள், மணிக்கூலியைக் குறைக்காதீர்கள். "அக்கா, இந்த விலைக்குக் கைக்கு மட்டும் போட்டுத் தரேன், கழுத்துக்கு செயின் மட்டும்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் சாமான் வாங்க வேண்டாம்.

தேதி சொல்லும்போது கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தைக்க ஒரு வாரம், திருத்தத்துக்கு நான்கு நாள் விட்டு, அதற்கு முன்னால் உங்கள் வேலை முடிய வேண்டும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் கை காலியாக இருக்கும். நான் அந்த மாதங்களில் மாதிரித் துண்டுகள் போட்டு வைக்கிறேன், புடவைக் குஞ்சம் கட்டித் தருகிறேன். குஞ்சம் ஒரே நாளில் முடிந்து காசாகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

6. கொடுக்கும் முன்

செயின் ஸ்டிச்சை முடித்த முனையில் பூட்டாவிட்டால் ஒரு இழுப்பில் வரிசையே உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு முடிச்சையும் பின்பக்கம் திருப்பி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது, இஸ்திரியை உள்பக்கத்தில் மட்டும் போட வேண்டும் என்று எழுதிய சீட்டு ஒன்றைப் பையில் வையுங்கள். ஒட்டிய கல்லுக்குச் சூடு ஆகாது.

7. பதிவு

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஆதாரும் பானும் போதும். பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

பின்னர் சேர்த்தது: வெளிர் நிறத் துணியில் ஜிங்க் பவுடர் தெரியவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். அதற்கு நீலப் பொடியைக் குழைத்துத் தேய்க்கலாம், ஆனால் மிகக் கொஞ்சமாக. அதிகமானால் பட்டில் தங்கிவிடும். ஓரத் துண்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மறுபடியும்: டெய்லர் முன்கூட்டியே வரைந்து தர மறுக்கிறார் என்று ஒரு தோழி கேட்டிருந்தார். என் டெய்லர் அண்ணனும் முதலில் மறுத்தார். ஊசி உடைந்த கதையைச் சொல்லி, ஒரு பிளவுஸுக்கு 50 ரூபாய் தனியாகத் தருகிறேன் என்றேன். அந்த 50 ரூபாயையும் இப்போது விலையிலேயே சேர்த்துவிடுகிறேன்.