ரோகு முட்டை வெள்ளையாய்ப் போனதற்குக் காரணம் விந்தில் கலந்த சிறுநீர்

அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் காலத்தில், கெண்டை வகை வளர்ப்பு மீனான ரோகுவின் சினைமீன்களுக்கு முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டு, முட்டையைப் பிதுக்கி எடுத்தோம். முட்டை தண்ணீர் குடித்து நன்றாகவே உப்பியது. சில மணி நேரத்தில் பெரும்பாலானவை வெள்ளையாகிவிட்டன, அதாவது செத்துவிட்டன. உப்புவதை வைத்துக் கரு பிடித்தது என்று நினைக்கக் கூடாது. கரு பிடிக்காத முட்டையும் உப்பும்.

ஊசி மருந்தின் மேல்தான் முதல் சந்தேகம். பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.4 மி.லி. என்பதை 0.5 ஆக்கியும் பலனில்லை. ஆணை மாற்றினோம், போர்த் தண்ணீரை விட்டு ஆற்றுத் தண்ணீருக்கு மாறினோம். அதே கதைதான். நாலு நாள் வீண்.

கடைசியில் விந்தைத் தண்ணீர் சேர்க்காமல் நுண்ணோக்கியில் வைத்தேன். அசையாமல் இருக்க வேண்டிய விந்தணுக்கள் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தன. உப்புச்செறிவு குறைந்த நீர் பட்டதும் கெண்டை விந்தணு ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம் ஓரிரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். ஆணின் வயிற்றை அழுத்தும்போது முதலில் வருவது சிறுநீர். அதுவும் நீர்த்ததுதான், தண்ணீர் மாதிரியே வேலை செய்துவிடுகிறது; முட்டையைச் சேரும் முன்பே விந்தணு ஓடி ஓய்ந்துவிடுகிறது. பலரும் கவனிக்காத இடம் இது.

இப்போது மீனின் வயிற்றையும் துடுப்பையும் துண்டால் ஒற்றி எடுக்கிறோம். முதல் சொட்டுகளை வழித்து எறிந்துவிட்டு, கெட்டியான பால் நிற விந்தை மட்டும் உலர்ந்த கிண்ணத்து முட்டைமேல் விட்டு, உலர்ந்த கோழி இறகால் கலக்குகிறோம். தண்ணீர் அதன் பிறகுதான். அடுத்த தடவையே பெரும்பாலான முட்டைகள் தெளிவாக நின்றன, அப்பாடா என்றிருந்தது.