‘லேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தவறின்றிப் பயன்படுத்துவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நாம் நாள்தோறும் சொல்லும் ‘லேட்’ என்ற பெயரடைக்கு, அது வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அது ‘மெதுவான’ என்று பொருள்பட்டது. ‘தி பஸ் இஸ் லேட்’ என்றால் பேருந்து தாமதம். ‘லேட் நைட்’ என்றால் நள்ளிரவை ஒட்டிய நேரம். இவற்றில் குழப்பமில்லை.

ஆளைக் குறிக்கும்போதுதான் கவனம் தேவை. ‘மை லேட் ஃபாதர்’ என்றால் காலஞ்சென்ற என் தந்தை. 2013-இல் மறைந்த மண்டேலாவையும் ‘தி லேட் நெல்சன் மண்டேலா’ என்று எழுதலாம். ஆனால் ‘ஹி இஸ் லேட்’ என்பதற்குத் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘அவர் இறந்துவிட்டார்’ என்ற பொருளும் உண்டு. பிரிட்டனிலோ ‘அவர் இன்னும் வந்துசேரவில்லை’ என்றே கொள்வார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நடந்த ஒரு திருமணத்தில், லண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் மணமகளிடம் அவள் அப்பாவைப் பற்றி விசாரிக்க, அவள் ‘ஹி இஸ் லேட்’ என்றாள். அவரோ வாசலைப் பார்த்தபடி, “பரவாயில்லைம்மா, வந்துவிடுவார்” என்றார். மாலையின் நாரை இறுகப் பற்றிய அவள் விரல்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே வெளிநாட்டாரிடம் இறப்பைச் சொல்லும்போது, ‘ஹி ஹாஸ் பாஸ்ட் அவே’ என்றே சொல்லுங்கள். நம் வழக்கு பிழையன்று, அவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவே.

இன்னொன்று: ‘லேட்லி’ என்றால் ‘அண்மைக்காலமாக’ என்று பொருள். தாமதமாக வந்ததைச் சொல்ல ‘ஐ கேம் லேட்’ என்பதே சரி.