அமாவாசை லீவுக்கு மலை ஏறுவது எப்படி

எங்கள் வீட்டில் அமாவாசைக்குத் தறியில் உட்கார மாட்டோம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். மற்ற மாத அமாவாசைகளில் துணி துவைப்பதும் தூங்குவதுமாகப் போய்விடும். கார்த்திகை, மார்கழி அமாவாசைகள் மட்டும் மலைக்கு. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். அன்று காலையில் அதன் தலை மேகத்துக்குள் இருந்தால் ஸ்வெட்டர் எடுக்க வேண்டும், மேகம் கழுத்துவரை இறங்கியிருந்தால் மழைக்கோட்டும் எடுக்க வேண்டும். என்னுடைய வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

பதினோரு வருடமாகப் போகிறோம். நான், என் மச்சினன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், மருந்துக்கடைக்காரர். ஐந்து பேர். இந்த எண்ணிக்கையை மாற்றாதீர்கள் என்பேன். நாலு பேருக்குக் குறைந்தால் ஆபத்து: ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் கூட இருக்க வேண்டும், இரண்டு பேர் உதவிக்கு ஓட வேண்டும். ஆறு பேருக்கு மேல் போனால் அது கல்யாண வீடு. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனைப் பார்ப்பதே இல்லை.

முதலில் எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள். அடிவாரத்திலிருந்து காட்டுத் தடத்தில் ஏறலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் ஆசை வரும். தன்னிஷ்டத்துக்கு ஏறக் கூடாது, அது வனத்துறை நிலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு, அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். நம் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர் பாதை அதில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்துதான் ஏறுவேன் என்றால் அப்படிப் போங்கள்.

முதல் தடவை என்றால் அதுகூட வேண்டாம். ஏற்காடு பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் உட்கார்ந்தபடி ஏறி, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கி, அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடங்கள். ஐந்தாறு கிலோமீட்டர், தார்ச்சாலை. "ரோட்டில் நடப்பதா மலையேற்றம்?" என்று என் மச்சினன் கேட்டான். கோயில் இருப்பது 5,326 அடி உயரத்தில், சேலம் இருப்பது ஏறத்தாழ 900 அடியில். உடம்புக்குத் தார்ச்சாலை, மண்சாலை வித்தியாசமெல்லாம் அப்புறம்தான் தெரியும். குளிரும் மூச்சும் முதலிலேயே தெரிந்துவிடும்.

காபித் தோட்டங்களுக்குள் போகும் ஜீப் தடங்கள் அழகாக இருக்கும். டிசம்பரில் பழம் சிவந்திருக்கும், பறிப்பு நடக்கும், கேட் திறந்தே கிடக்கும். அதற்காக உள்ளே நுழையாதீர்கள். அது ஒருவருடைய நிலம். காவலாளியிடம் கேளுங்கள், பெரும்பாலும் எந்தத் தடம் ரோட்டில் போய்ச் சேரும் என்று அவரே சொல்லிவிடுவார். பழத்தில் கை வைக்க வேண்டாம், ஆசையாக ஒன்றே ஒன்று என்றாலும்.

இப்போது நேரக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார், வாத்தியார்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஒண்டிக்கடையிலிருந்து கோயிலுக்குப் போய்வர இந்தக் கணக்கில் இரண்டரை மணிக்குச் சற்று மேல் வரும். எங்களுக்கு நாலு மணி நேரம் ஆகும். நெய்ஸ்மித் வழியில் மிளகு விலை விசாரித்திருக்க மாட்டார், கொலுசுக்காரர் விசாரிப்பார். உங்கள் கூட்டத்தின் கணக்கு என்ன என்பது முதல் பயணத்தில் தெரிந்துவிடும். அதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த தடவை அதையே நம்புங்கள்.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும், ஆறு மணிக்கெல்லாம் விழுந்துவிடும். மரத்தடியில் அரை மணி முன்பே இருட்டு. எங்களுக்கு அமாவாசை வேறு, நிலா என்ற பேச்சே இல்லை. அதனால் ஆளுக்கொரு டார்ச். ஐந்து பேருக்கு ஐந்து. செல்போன் வெளிச்சம் டார்ச் ஆகாது, சார்ஜ் தீர்ந்தால் போனும் போகும் வெளிச்சமும் போகும்.

அப்புறம் திரும்பும் நேரம். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, எல்லோரும் தெளிவாக இருக்கும்போதே, 'மதியம் ஒரு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்புகிறோம்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். மலையில் நின்று இந்த முடிவை எடுக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நாலாவது வருடம், மருந்துக்கடைக்காரரின் அண்ணன் மகனும் வந்தான். கல்லூரிப் பையன், ஜீன்ஸ் போட்டிருந்தான். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டத்தோடு தூறல். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். நாகலூர் பக்கம் ஒரு தடம் இருக்கிறது, அப்படிச் சுற்றிப் போகலாம் என்று யாரோ சொன்னோம். யார் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தியாருக்கு முட்டி வலித்திருக்கிறது, சொல்லவில்லை. பையன் நனைந்து நடுங்கியிருக்கிறான், பெரியவர்கள் முன்னால் சொல்ல வெட்கம். எனக்குத் தடம் சரிதானா என்று சந்தேகம், வழிகாட்டி என்ற பேரை விட மனமில்லை. கொலுசுக்காரர் மட்டும் "என்னப்பா, போகலாம்தானே?" என்றார். எல்லோரும் "போகலாம், போகலாம்" என்றோம். சிநேகிதர்களோடு போவதில் உள்ள சிக்கல் இதுதான். முன்பின் தெரியாதவனிடம் 'எனக்கு முடியலைங்க' என்று சொல்லிவிடலாம், இருபது வருடச் சிநேகிதனிடம் வாய் வராது.

ஐந்தேமுக்காலுக்கு ஒரு காபித் தோட்டத்துக்குள் ஆறு பேர், ஒரு டார்ச்சோடு நின்றோம். பையனுக்குப் பேச்சு குழறியது. தோட்டக் காவலாளி ஒருவர், மலையாளி பெரியவர் (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலையின் பழங்குடி மக்களுக்கே அந்தப் பேர்), எங்கள் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து வந்தார். தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் அடுப்பு முன்னால் உட்கார வைத்து, பையனுக்கு ஈரத்துணியைக் கழற்றச் சொல்லிக் கம்பளி கொடுத்தார். "ஏனுங்க, சாயங்காலத்துல யாராச்சும் புதுத் தடம் பாப்பாங்களா?" என்றார். ஐந்து பேருக்கும் பதில் இல்லை.

குழறல், தடுமாற்றம், நிற்காத நடுக்கம். இந்த மூன்றும் உடம்புச் சூடு இறங்குவதற்கு அடையாளம். அதற்குப் பனிக்கட்டி தேவையில்லை, நனைந்த துணியும் காற்றும் போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 1,200 மீட்டருக்கு மேல், ஆக எட்டு டிகிரி. பேருந்து ஏறும்போது நமக்கு இதமாக இருக்கும், அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். நடுங்கும் ஆளை நடக்க வைக்காதீர்கள். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணி போர்த்தி, இனிப்பாகச் சூடாக ஏதாவது கொடுங்கள். குழறல் வந்துவிட்டால் யோசிக்காமல் 108க்குப் போன் போடுங்கள். 'ஒரு குவார்ட்டர் போட்டால் குளிர் போயிடும்' என்று சொல்கிறவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். சாராயம் தோலுக்கு ரத்தத்தை இழுத்துச் சூட்டை வெளியே விடும். சூடாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும்.

துணி விஷயத்தில் என் தொழில் தர்மத்துக்கு விரோதமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக்குப் பருத்தி வேண்டாம். நூலிலேயே வளர்ந்தவன் நான். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) காயாமல் நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தப் பாவுதான் உங்கள் பனியன். வியர்வையைக் குடித்துக்கொண்டு முதுகில் ஒட்டி நிற்கும், நீங்கள் உட்கார்ந்ததும் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸும் பருத்திதான், கெட்டிப் பருத்தி. உள்ளே விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன், மேலே கம்பளி ஸ்வெட்டர் (கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பு மிச்சம் வைக்கும்), அதற்கு மேல் காற்றும் தூறலும் புகாத கோட்டு. காதுக்குக் குல்லா. பார்க்க எப்படி இருந்தாலும் சரி.

அதைவிட முக்கியம், எப்போது போடுவது என்பது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். ஸ்வெட்டரோடு ஏற ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து உள்ளே ஈரமாகிவிடும். கழற்றிவிட்டு ஏறுங்கள், நின்ற அந்த நிமிடமே போடுங்கள். டீ ஊற்றிவிட்டுப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மாற்றுப் பனியனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடத்தில் நான் இரண்டு தடவைதான் எடுத்திருக்கிறேன், இரண்டும் வேறொருவருக்காக.

நடக்கும் வரிசை. மெதுவாக நடப்பவர் முன்னால், தடம் தெரிந்தவர் கடைசியில். வேகமாகப் போகிறவர்கள் முன்னே ஓடி, வளைவில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது வாத்தியார் மூச்சு வாங்க வந்து சேருவார். வந்ததும் 'சரி, கிளம்பலாமா?' என்று எழுந்துவிடுவோம். ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஓய்வே கிடைக்காது! இப்போது எங்களுக்கு ஒரு சட்டம்: கடைசி ஆள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவராகப் பேச ஆரம்பித்த பிறகுதான் கிளம்புவது. ஏறும்போது பேசிக்கொண்டே வர முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சோறு, கடலைமிட்டாய், பிளாஸ்கில் சுக்குக் காபி. தட்டுவடை செட் கொண்டு போவதானால் தட்டுவடை தனி டப்பா, துருவிய காரட் பீட்ரூட் தனி, சட்னி தனி. சேலத்துக்காரருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள், முதல் வருடம் செட்டாகவே கட்டிக் கொண்டு போய் ஊறிய சோறு மாதிரி தின்றோம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, மணிக்கு ஒரு தடவை யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

காட்டுமாடு பார்க்க நேரும். காபிச் செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பாறை நிற்கிறதே என்று நினைத்தால் அது மூச்சு விடும். காலில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்கி, அதற்கு வழி விடுங்கள். ஒருமுறை இருபது நிமிடம் நின்றோம். அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. மூட்டம் இறங்கினால் இரண்டு ஆளுக்கு அப்பால் இருப்பவர் தெரியமாட்டார், அப்போது கை நீட்டினால் தொடும் தூரத்தில் நடங்கள்.

கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. நாங்கள் அந்த வருடம் மலைக்குப் போகும் இன்னொரு சாலையான குப்பனூர் பாதை வழியாகப் போய்விடலாம் என்று பேசினோம். கொலுசுக்காரரின் மனைவி, "அந்தப் பக்கம் மட்டும் மழை பெய்யலையா அண்ணா?" என்று கேட்டார். போகவில்லை. வெயில் வந்தாலும் ஊறிய மண்ணிலிருந்து கல் உருளும், இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

இறக்கத்தில்தான் கால் கெடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகத்தை வெட்டுங்கள். இறங்குமுன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் விரல் நுனி முன்னால் இடித்து நகம் கறுக்கும். செம்மண் ஈரமாக இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கையில் கம்பு இருந்தால் முட்டி வாழ்த்தும். வாத்தியார் இப்போது இரண்டு கம்பு வைத்திருக்கிறார். கேலி செய்த மச்சினன் போன வருடம் அதில் ஒன்றைக் கடன் கேட்டான்.

வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள்: யார் யார், எந்த வழி, எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. என் மனைவி அதைச் சாமி படத்துக்குக் கீழே செருகி வைக்கிறாள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஒண்டிக்கடைக்குத் திரும்பியதும் முதல் போன் அவளுக்குத்தான்.

மறுநாள் காலை தறிக்குழியில் இறங்கி மிதியை அழுத்தும்போது தொடை கத்தும். அன்று சும்மா படுத்துவிடாதீர்கள், லேசாக வேலை செய்தால் வலி அப்போதைக்குக் கொஞ்சம் இளகும். எனக்குத் தறி இருக்கிறது. வாத்தியாருக்கு வகுப்பு இரண்டாவது மாடியில். படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கியிருக்கிறார், பிள்ளைகள் அது ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து வரிசையாகப் பின்னாலேயே இறங்கினார்களாம்.