தீம் ரிசார்ட் வண்டிகளை வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேளிக்கைப் பூங்காவும் விடுதிகளும் ஒரு கதையுலகத்தைச் சுற்றி அமைந்த தீம் ரிசார்ட்டில் நான்கு நாள் தங்கும் ஒரு குடும்பம் அதிகமாக ஏறி இறங்குவது பெரும்பாலும் ராட்டினத்தில் அல்ல, விடுதிக்கும் பூங்காவுக்கும் இடையே ஓடும் வண்டியில்தான். ஆனால் அந்த வண்டியைப் பற்றிய பேச்சு, கட்டடங்கள் எல்லாம் எழுந்த பிறகு, வெளிப்புறத்தில் என்ன படம் ஒட்டுவது என்ற கேள்வியோடுதான் பல நேரம் தொடங்குகிறது. உள்ளே அமர்ந்துவிட்ட விருந்தினருக்கு வெளிப்புறப் படம் தெரியப்போவதில்லை. அவர் பார்ப்பது ஜன்னல், பிடிப்பது கைப்பிடி, கேட்பது அறிவிப்பு. கதை இருக்க வேண்டிய இடங்கள் இவைதான்.

இவற்றுள் அதிகம் கவனிக்கப்படாமல் போவது ஜன்னல். வண்டிக்குள் எவ்வளவு அலங்காரம் செய்தாலும், வெளியே சரக்குக் கிடங்கும் ஊழியர்களின் கார்களும் தெரிந்தால் கதை அங்கேயே அறுந்துவிடும். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் 2014 ஜூலையில் தன் இரண்டு பூங்காக்களை இணைத்துத் தொடங்கிய, ஹாரி பாட்டர் கதையின் நீராவி ரயில்போல அமைந்த ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ், பூங்காக்களின் பின்புறமாகவே ஓடுகிறது. ஆகவே ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் திரையை வைத்தார்கள். லண்டன் நகரமும் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியும் அதில் ஓடுகின்றன. நடைபாதைப் பக்கத்துக் கதவில் பனிபடர்ந்ததுபோன்ற கண்ணாடி. அதற்கப்பால் யாரோ நடந்துபோகும் நிழல் விழுகிறது, பேச்சுக் குரலும் கேட்கிறது. உண்மையில் அது நீராவி ரயிலே அல்ல. பழனி மலையின் விஞ்சைப் போலக் கம்பிவடத்தால் இழுக்கப்படுவது. போகும்போது ஒரு காட்சியும் திரும்பும்போது வேறொரு காட்சியும் வைத்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் திரும்பும் பயணத்தை வெறும் திரும்புதலாக விட்டுவிடுவது இத்துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

2022 மார்ச்சிலிருந்து 2023 செப்டம்பர் வரை மட்டுமே இயங்கிய டிஸ்னியின் ஸ்டார் வார்ஸ் விடுதி இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. விண்கலத்தில் தங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளும் விருந்தினரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றது, உட்புறம் சிறு விண்கலமாக மாற்றப்பட்ட ஜன்னலில்லாத லாரி. கட்டடத்தின் உள்ளிருந்தே நேராக ஏறிவிடுவதால், தாம் ஏறியது லாரி என்பதே கண்ணில் படாமல் அவர்கள் பயணம் செய்தார்கள். இதைப் பார்த்து நீண்ட பாதைக்கும் ஜன்னலை அடைத்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. உடல் அசைவை உணரும்போது கண்ணுக்கு அந்த அசைவு தெரியாவிட்டால் குமட்டல் வரும். அங்கே தூரம் குறைவு என்பதால்தான் அந்த ஏற்பாடு பொருந்தியது.

ஒருமுறை ஏறும் வண்டிக்கும் நாள்தோறும் ஏறும் வண்டிக்கும் ஒரே அளவில் கதை சொல்வதும் பிழைதான். முதல் பயணத்தில் மகிழ்வித்த நீண்ட உரையாடல், ஆறாவது பயணத்தில், அதுவும் குழந்தை தூங்கும் இரவில், தொல்லையாகிவிடும். 2001-இல் தொடங்கிய டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் மோனோரயிலில் (ஒற்றைத் தண்டவாள ரயிலில்) ஜன்னலும் தொங்கும் கைப்பிடியும் மிக்கியின் தலை வடிவத்தில் இருக்கின்றன. நின்றுகொண்டு வருபவரின் விரல்கள், இரண்டு காதுகள் முளைத்த வளையத்தைப் பற்றியிருக்கும். கதை அவ்வளவோடு நின்றுவிடுகிறது. அடிக்கடி ஏறும் வண்டிக்கு அந்த அளவே போதும்.

பாதுகாப்பு அறிவிப்பு கதையைக் கெடுக்கும் என்று அதை மெல்லிய குரலில் மறைப்பவர்களும் உண்டு. ஃப்ளோரிடா டிஸ்னி மோனோரயிலில் டிஸ்னி அறிவிப்பாளர் ஜாக் வாக்னரின் குரலில் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் ஒலித்த கதவு எச்சரிக்கை, சட்டைகளில் அச்சிடப்படும் அளவுக்கு மக்கள் நினைவில் தங்கியது. தெளிவாகச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை விருந்தினர் வெறுப்பதில்லை.

உடலின் தேவையை மறப்பதுதான் எல்லாவற்றிலும் கடுமையான தவறு. அதே ரிசார்ட்டில் 2019 செப்டம்பரில் தொடங்கிய ஸ்கைலைனர் கேபிள் கார்களில் குளிர்சாதனம் இல்லை. நகரும்போது உள்ளே புகும் காற்றையே நம்பியிருக்கிறார்கள். ஓடும்வரை அது நல்ல ஏற்பாடு. ஆனால் தொடங்கிய சில நாட்களிலேயே, அக்டோபர் 5 இரவு, ஒரு தடம் நின்றுபோய்ப் பலர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அந்தரத்தில் காத்திருந்தார்கள். வண்டி நிற்கும் நேரத்துக்கும் சேர்த்தே காற்றையும் விளக்கையும் குடிநீரையும் திட்டமிட வேண்டும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் கதாபாத்திரம் பேசக் கூடாது. என்ன நடந்தது, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்பதை ஒரு மனிதர் சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும்.

அதே ஸ்கைலைனர் ஒரு காரியத்தை மிக நன்றாகச் செய்திருக்கிறது. அது தொடங்கியபோது ரிசார்ட்டின் பேருந்துகளில் ஏற, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளுவண்டியை மடிக்க வேண்டியிருந்தது. கேபிள் காரிலோ அதை மடிக்காமல் அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம், சக்கர நாற்காலிக்கும் அதே வழிதான். பூங்கா மூடும் நேரத்தில் தூங்கிய பிள்ளையை எழுப்பாமல் அறைவரை கொண்டுசேர்க்க ஒரு தாயால் முடிகிறது.