கணினி பூட்டிக்கொண்டதா? முதலில் மொழியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் ஐடி உதவிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது. "தம்பி, கொம்பியூட்டர் உள்ளே விடுதில்லை" என்று கூப்பிட்டால் உடனே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இங்கே ஒரே கணினியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அடிக்கலாம். கடைசியாகக் கடிதம் அடித்தவர் தமிழிலேயே விட்டிருப்பார், அப்போது சரியான பாஸ்வேர்டும் பிழையாக விழும். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறி தெரியும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மாறும். கேப்ஸ் லாக்கையும் ஒருக்கால் பாருங்கள். கண் அடையாளத்தை அழுத்தினால் அடித்த எழுத்துகள் தெரியும் (பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் மட்டும்).

கணக்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று திரை சொன்னால் கதை வேறு. கேட்பவர் அந்தக் கணக்குக்காரர்தானா என்று உறுதிசெய்யுங்கள், பெரியவர் கேட்டாலும் சரி. டொமைன் கணக்கென்றால் (அதாவது கந்தோரின் மைய சேர்வரில் உள்ள கணக்கு), அந்தக் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அன்லாக் செய்தால் போதும்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பூட்டிக்கொள்கிறதா? அண்மையில் பாஸ்வேர்ட் மாற்றினாரா என்று கேளுங்கள். அவரது கைபேசி மெயில் பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பி, கணக்கைப் பூட்டவைத்துக்கொண்டிருக்கக்கூடும். டொமைன் கொன்ட்ரோலரின் (டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் சேர்வர்) செக்யூரிட்டி லாக் என்ற பதிவேட்டில் 4740 என்ற இலக்கமுள்ள பதிவைத் தேடினால், பூட்டு எந்தக் கணினி வழியாக விழுந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.