கோலாலம்பூரில் ஆங்கில ஆசிரியர் வேலையை அவசரப்பட்டு விடும்போது செய்யும் தவறுகள்

மே மாதம் ஒரு மதியம், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே உட்கார்ந்திருந்த பையன் திருநெல்வேலிக்காரன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருட வேலை, அப்புறம் இங்கே ஒரு மொழி மையத்தில் ஆங்கில ஆசிரியர். வந்து பதினோரு வாரம் ஆகிறது. ரசம் ஊற்ற வந்தவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, "அண்ணே, வெள்ளிக்கிழமை பேப்பர் போடப் போறேன். ஞாயித்துக்கிழமையும் கிளாஸ்னா மனுஷன் எப்பத்தான் துணி துவைக்கிறது?" என்றான்.

"இந்த ஊருக்கு எந்தத் தேதி வந்த?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு?"

2016இல் இதே கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டார். நானும் இதையேதான் சொன்னேன். அதனால் இதை எழுதுகிறேன்.

வேலையை விடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தேனியிலிருந்து வந்து நான்கே மாதத்தில் விட்டவன் நான். காலை பத்து மணிக்கு அரபு நாட்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு, நடுவில் நாலு மணி நேரம் சும்மா, இரவு ஒன்பது மணிக்குக் கொரியப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. வரவேற்பறையில் நம்மை வைத்துக்கொண்டே "வெள்ளைக்கார டீச்சர் இல்லையா?" என்று கேட்கும் பெற்றோர். அக்டோபர் 29, தீபாவளியன்று அறையில் தனியாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போட்டவன், அன்றே முடிவெடுத்துவிட்டேன். முடிவு தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விட்ட விதம்தான் தவறு.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, அடுத்த வேலை இல்லாமல் இருப்பதை விடாதே என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

தேதி பார்க்காமல் விடுவது

டிசம்பர் 7 என் கடைசி நாள். அதற்குச் சில நாள் முன்பு கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். கிள்ளானில் பிறந்து வளர்ந்த தமிழர். "தம்பி, டேக்ஸ் கிளியரன்ஸ் போடணும். எந்தத் தேதி மலேசியா வந்தீங்க?" என்றார். அது எதுக்குக்கா என்றேன். ஆகஸ்ட் 8 என்று பாஸ்போர்ட்டில் அவரே பார்த்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினார். "4,480 வெள்ளி வருதுலா தம்பி." இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள். எனக்கு அதுகூட ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

என் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட். நான்கு மாதத்தில் வாங்கியது, வாங்க வேண்டியது எல்லாம் சேர்த்து 16,000. அதுவரை வரி என்று ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வரியே வராது என்று நான் நினைத்திருந்தேன். ஒரு வகையில் அது சரிதான், மலேசியாவில் வரிக்கு உள்நாட்டவராகக் கணக்கில் வருபவருக்கு. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எத்தனை நாள் இந்த நாட்டில் இருந்தோம் என்பதுதான் கேள்வி. ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் இருந்தால் உள்நாட்டவர். வரிக் கழிவுகள் உண்டு, படிப்படியாக ஏறும் வரி விகிதம் உண்டு. 182 நாள் இல்லையென்றால் வெளிநாட்டவர். கழிவு கிடையாது, படி கிடையாது, முதல் ரிங்கிட்டிலிருந்தே ஒரே விகிதம். 2016இல் அது 28 சதவீதம். 2020 முதல் 30.

கடைசி மாதச் சம்பளம் முழுவதும் அதில் போனது. போதாததற்கு 480 ரிங்கிட்டைக் கையிலிருந்து கட்டினேன். அன்றைய மதிப்பில் மொத்தம் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். அப்பா எனக்காக வாங்கிய கடன் எழுபதாயிரம்.

இதில் இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த நான்கு மாதத்துக்கும் வரியே வந்திருக்காது. ஆகஸ்டில் வந்தவனுக்கு அந்த ஆண்டில் 182 நாள் எப்படியும் தேறாது என்பது உண்மைதான். ஆனால் சட்டத்தில் இரண்டு ஆண்டுகளைக் கோத்துப் பார்க்கும் வழி இருக்கிறது. அடுத்த ஆண்டு ஜனவரி முதல் தொடர்ந்து 182 நாள் இருந்தால், அதோடு ஒட்டியிருக்கும் முந்தைய ஆண்டின் மாதங்களும் உள்நாட்டவர் கணக்கில் சேரும். 2017 ஜூலை 1 வரை இருந்திருந்தால் போதும். டிசம்பரில் விட்டது ஏறக்குறைய ஆக மோசமான தேதி.

இந்தக் கோக்கிற கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஊர், உறவு என்று போய்வரும் நாட்கள் மொத்தம் 14ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். பொங்கலுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து, "நான்தான் வேலையை விடலையே, எனக்கு எதுக்கு 30 சதவீதம்?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆண்டுக்குள் 182 நாளை எட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம், பாதி நாள் இருந்தாலும் ஒரு நாள்.

அப்புறம் 60 நாள். ஒருவர் மலேசியாவில் 60 நாளுக்கு மேல் வேலை செய்யாமல் கிளம்பிவிட்டால், வெளிநாட்டவராக இருந்தாலும் அந்தச் சம்பளத்துக்கு வரிவிலக்கு. ஆக, வந்ததும் பிடிக்கவில்லையா, இரண்டு மாதத்துக்குள் கிளம்பினால் வரித் தொல்லை இல்லை. 182ஐத் தாண்டினாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் பள்ளம். நம் ஆட்கள் மூன்றாவது மாதம் முனக ஆரம்பித்து ஐந்தாவது மாதம் விடுவார்கள். சொல்லிவைத்ததுபோல் பள்ளத்தில்தான் விழுவார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. இப்போது பல மையங்கள் முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம் பிடித்துவிடுகின்றன, ஆள் பாதியில் ஓடிவிட்டால் தாங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. மதுரைப் பெண் ஒருவர் ஜனவரியில் வந்தார். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கொதித்துப்போய் என்னிடம் வந்தார். "ஏமாத்துறாங்க சார், மூணுல ஒரு பங்கு புடிச்சுட்டாங்க" என்றார். ஏமாற்றவில்லைம்மா, ஜூலை தாண்டினால் நீ உள்நாட்டவர், அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும் என்றேன். நம்பவில்லை. அந்தக் கோபத்திலேயே மே மாதம் வேலையை விட்டார். திரும்பி வர வேண்டிய பணம் அதோடு வராத பணமாகிவிட்டது. வரி பிடிக்கிறார்கள் என்று விட்டு, அந்த வரியைத் தானே உறுதிசெய்துகொண்டு போனார். இதை நினைத்தால் எனக்கு என் 4,480ஐவிட ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் எனக்கு அன்று சொல்ல ஆளில்லை. அவருக்கு இரண்டு முறை சொன்னேன், காகிதத்தில் எழுதியும் காட்டினேன்.

கடைசிச் சம்பளத்தை நம்பி டிக்கெட் போடுவது

மேலே சொன்னதன் வால் இது. வெளிநாட்டு ஊழியர் நாட்டை விட்டுப் போகிறார் என்றால், முதலாளி அதை வருமான வரி வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, அல்லது 90 நாள் வரை, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். அவர் விரும்பிச் செய்வதல்ல, சட்டம் செய்யச் சொல்கிறது. இது தெரியாமல் கணக்குப் பிரிவில் போய்க் கத்துகிறார்கள். நானும் கத்தினேன். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசாமல் மைலோ போட்டுக் கொடுத்தார். அந்த மூன்று மாதத்தைத் தாண்டக் கையில் பணம் வைத்துக்கொண்டு பேப்பர் போடுங்கள்.

அடுத்த மையத்தில் திங்கட்கிழமையே சேர்வது

வெளிநாட்டவர் இங்கே வேலை செய்யத் தரும் அனுமதிதான் வேலை பாஸ். அதில் முதலாளி பெயர் இருக்கிறது. அந்தப் பாஸ் அந்த ஒரு இடத்துக்குத்தான். பழைய பாஸ் ரத்தாகி, புது இடம் விண்ணப்பித்து, புது பாஸ் கைக்கு வந்த பிறகுதான் அங்கே வகுப்பெடுக்கலாம். "சும்மா டிரையல் கிளாஸ்தான், காசு கையில தர்றோம்" என்பார்கள். குடிநுழைவுத் துறைக்காரர் (இமிகிரேஷன்) கதவைத் திறந்து உள்ளே வரும்போது டிரையலும் கிளாஸ்தான். பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதத்தையும் புது இடத்தில் கேட்பார்கள். சண்டை போட்டுவிட்டு வந்தவருக்கு அதை யார் சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுப்பார்கள்? இதற்குமேல் தனியார் கல்வி நிலையத்தில் பாடம் நடத்த கல்வி அமைச்சின் போதனை அனுமதி வேறு. என்னதான் ஓடினாலும் சில வாரங்கள் சம்பளமில்லாமல் இருக்க வேண்டிவரும்.

லீவு போட்டுப் போய்த் திரும்பாமல் இருப்பது

இதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அக்கா கல்யாணம் என்று இரண்டு வாரம் லீவு கேட்டுவிட்டு, சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் மலேசிய சிம்மைக் கழற்றிவிடுவது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறித்ததாகவே கொள்ளப்படும். நோட்டீஸ் காலச் சம்பளத்தை உங்களிடம் கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. பணத்தைவிட மோசம், பாஸ் முறையாக ரத்தாகாமல் தொங்கும். இரண்டு வருடம் கழித்து பினாங்கிலோ ஜொகூரிலோ நல்ல வேலை கிடைக்கும்போதுதான் அது தெரியவரும். நான் 2018இல் திரும்பி வந்தபோது என் பாஸ் சீக்கிரம் கிடைத்தது. 2016இல் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் ரத்துசெய்துவிட்டுக் கிளம்பியதுதான்.

நோட்டீஸ் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால், இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி நான்கு வாரம். இருக்கப் பிடிக்கவில்லையா, அந்தக் காலச் சம்பளத்தைக் கட்டிவிட்டும் போகலாம்.

வாட்ஸ்அப்பில் ராஜினாமா

அது ராஜினாமா அல்ல, அரட்டை. கடிதம் எழுதி, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டை ஆபீசில் கொடுத்துவைப்பது

வேண்டாம். 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வ அதிகாரமில்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

வந்த வாரமே ஒரு வருடத்துக்கு வீடு எடுப்பது

இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம். இதுதான் இங்கே வழக்கம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம். நாலாவது மாதம் கிளம்பினால் டெபாசிட்டை மறந்துவிட வேண்டியதுதான், மீதி மாதங்களையும் கேட்கும் வீட்டுக்காரர் உண்டு. முதல் மூன்று மாதம் செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு அறை எடுத்து இருங்கள். குளியலறையைப் பகிர்ந்துகொள்வதால் ஆசிரியர் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இ.பி.எஃப் பணத்தை விட்டுவிட்டுப் போவது

இ.பி.எஃப் என்பது ஊழியர் சேமநிதி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் 2 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளியும் 2 போடுகிறார். நாட்டைவிட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். கேளுங்கள்.

சரி, திருநெல்வேலிப் பையனுக்கு வருகிறேன். அவன் பாஸ்போர்ட் முத்திரையில் மார்ச் 3 என்று இருந்தது. அறுபது நாள் தாண்டிவிட்டது. கைபேசியை எடுத்து மாதம் மாதமாகக் கூட்டினான். மார்ச் 29, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. மொத்தம் 182. சரியாக ஆகஸ்ட் 31இல் போய் நின்றது.

பக்கத்து மேசையில் இலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "மெர்டேக்கா அன்னிக்கா? நல்ல நாள்தான் தம்பி" என்றார். மலேசியாவின் சுதந்திர தினம் அது.

பையன் சிரிக்கவில்லை. "அப்ப ஒரு மாச நோட்டீஸ்னா ஆகஸ்ட் மொத வாரம் லெட்டர் குடுத்தா போதும்" என்று முணுமுணுத்தபடி இன்னொரு முறை கூட்டிப் பார்த்தான். அப்புறம் ரசக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை கிளாஸை மட்டும் யாராவது மாத்தி எடுத்துக்குவாங்களா?"