சுற்றுச்சூழல் செய்தி: அரசும் ஆர்வலர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு ஏதும் இல்லை என்று துறைமுகத் தரப்பிலிருந்து முதலில் அறிக்கை வந்தது. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் கரையில் தார் போல் கெட்டியாக எண்ணெய்க் கசடு ஒதுங்கியது. இயந்திரங்களால் உறிஞ்ச முடியாமல், ஆட்கள் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள்.

அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் செய்யும் பெரிய தவறு அந்த முதல் அறிக்கைதான். விபத்து நடந்த சில மணி நேரத்தில் முழு விவரம் யாருக்கும் தெரிந்திருக்காது, அதில் குற்றமில்லை. தெரியாததை ‘இல்லை’ என்று அறிவிப்பதுதான் குற்றம். “கசிவு உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாலைக்குள் சொல்கிறோம். அதுவரை இந்தப் பக்கம் வலை போட வேண்டாம்” என்று சொன்னால் போதுமே! முதல் மறுப்பு பொய்த்துவிட்டால், பிறகு சொல்லும் உண்மையும் எடுபடாது. மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அப்போது எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். மக்கள் வாங்கத் தயங்கினார்கள். அடி விழுந்தது மீனவர் வயிற்றில்.

இன்னொரு தவறு, பாதிக்கப்படுபவருக்குப் புரியாத மொழியில் பேசுவது. ஒரு திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வதற்கான விதிகளின் வரைவை (2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு) ஒன்றிய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. தன் ஊருக்கு வரப்போகும் ஆலையைப் பற்றி ஒரு விவசாயி எதைப் படித்துக் கருத்துச் சொல்வார்? அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆர்வலர்கள் சறுக்குவது பெரும்பாலும் எண்ணிக்கையில். 1995-இல் பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக்கில் மூழ்கடிக்க ஷெல் நிறுவனம் திட்டமிட்டது. பிரிட்டன் அரசும் அனுமதி கொடுத்தது. எதிர்த்துப் போராடிய கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, அதில் 5,000 டன்னுக்கு மேல் எண்ணெய் மிச்சமிருப்பதாகச் சொன்னது. மாதிரியைத் தொட்டியிலிருந்து எடுக்காமல், தொட்டிக்குப் போகும் குழாயிலிருந்து எடுத்திருந்தார்கள். சுயேச்சையான ஆய்வில் தெரிந்த அளவு சுமார் 100 டன்தான். பழைய மிதவையைக் கடலில் தள்ளக் கூடாது என்ற நியாயத்துக்கு அந்த எண் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இந்த எண்ணை நீக்கினாலும் நம் வாதம் நிற்குமா? நிற்கும் என்றால், உறுதியாகும்வரை அதை வெளியே விடாதீர்கள்.

பழைய படங்களைப் பகிர்வதும் இதே வகைதான். 2019 அமேசான் தீயின்போது பிரெஞ்சு அதிபர் மக்ரோன் பகிர்ந்த படம், 2003-இல் காலமான ஒரு புகைப்படக் கலைஞர் எடுத்தது. பிரேசில் அதிபர் போல்சொனாரோ உடனே அதைப் பிடித்துக்கொண்டார். எரியும் காட்டைப் பற்றிய பேச்சு, படத்தைப் பற்றிய பேச்சாகத் திசை மாறியது. படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் பகிர வேண்டாம்.

தவறு நேர்ந்துவிட்டால் மூடி மறைக்காதீர்கள்; சொன்ன இடத்திலேயே, அதே அளவு சத்தமாகத் திருத்துங்கள். கிரீன்பீஸ் 1995 செப்டம்பரில் ஷெல்லிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஆனால் கடலில் கொட்டக் கூடாது என்ற கோரிக்கையை அது கைவிடவில்லை. 1998-இல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் கூடி, இத்தகைய கட்டமைப்புகளைக் கடலில் தள்ளுவதற்குத் தடை விதித்தன.